ஒரு சாண் குச்சி

ரோஜாக் குச்சிக்கு ஒரு பருவம் உண்டு. பூ முழுதாக விரிந்து, இதழ் தளர்ந்து, தொட்டால் கொட்டும் நிலைக்கு வந்த பிறகு இரண்டு மூன்று நாட்கள்தான் அது. அதுவரை அந்தக் கிளை தன் இலைகள் சமைத்ததையெல்லாம் பூவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பூ முடிந்ததும் மாவுச்சத்து தண்டிலேயே தங்கத் தொடங்கும். இலைக்காம்புக்கும் தண்டுக்கும் இடையில் இருக்கும் கண்கள் அப்போது இன்னும் கிளம்பியிருக்காது. இந்த இடைவெளியில் வெட்டிய குச்சிக்கு, வேர் விடுவதற்கு வேண்டிய இருப்பு உடம்பிலேயே இருக்கும். இன்னும் ஒரு வாரம் விட்டால் கண்கள் துளிர்த்து அந்தச் சேமிப்பைச் செலவழித்துவிடும்.

பருவத்தைச் சொல்ல முள்ளே போதும். எலுமிச்சையின் முள் கட்டைக்குள்ளிருந்து வருவது. ரோஜாவின் முள் தோலோடு நிற்பது. கட்டைவிரலால் அதைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பதமான தண்டில் ‘டக்’கென்று கழன்றுவிடும், அடியில் ஈரப்பச்சையாக ஒரு தழும்பு தெரியும். தண்டு இளசாக இருந்தால் முள் வளையும், அல்லது தோலைக் கிழித்துக்கொண்டு வரும். முற்றிய கட்டையில் கழன்றாலும் தழும்பு காய்ந்து பழுப்பேறியிருக்கும். அந்தச் சிறு சத்தத்தைக் கேட்காமல் நான் கத்தியை எடுப்பதில்லை.

தடிமன் பென்சில் அளவு. அதற்குக் கீழே போனால் இருப்புப் போதாது. மிகவும் தடித்தால் பட்டையைத் துளைத்து வர வேர் திணறும். நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, 15 முதல் 20 சென்டிமீட்டர். அதில் மூன்று அல்லது நான்கு கண்கள். வெட்டிய முகத்தையும் ஒரு தடவை உற்றுப் பார்க்க வேண்டும். நடுத்தக்கை வெளுப்பாக இருந்தால் நல்லது. பழுப்பேறியிருந்தால் நுனிக்கருகல் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். அந்தக் குச்சியை எவ்வளவு சீராட்டினாலும் கருகல் கீழே வந்து சேரும். வெளியே பச்சையாக, கண்கள் திரண்டு, பார்க்க மிக அழகாக இருக்கும் குச்சிகள் சில இந்த ஒரு சோதனையில் தோற்றுப்போகும். தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக்கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். குச்சி வெட்டும் விஷயத்தில் அந்தச் சொல் நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. இரவெல்லாம் நீர் ஏறி நிமிர்ந்து நிற்கும் தண்டை, வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். பகல் முழுதும் காய்ந்த தண்டை மாலையில் வெட்டினால் அது தாகத்தோடு வந்து சேரும். வேர் இல்லாத ஒன்றின் தாகத்தைத் தீர்ப்பது சிரமம்.

வெட்டுவதற்குப் புது பிளேடுதான் சிறந்தது. கத்தரி அமுக்கி நசுக்கும். நசுங்கிய இடத்தில் பூஞ்சை புகும். பலர் அடிப்பக்கத்தைச் சாய்த்து வெட்டுவார்கள், வெட்டுமுகம் பெரிதாகும் என்பதற்காக. எனக்கு அடிவெட்டு நேராக, கணுவுக்குச் சற்றே கீழே இருப்பதுதான் பிடிக்கும். நேர்வெட்டில் வேர் சுற்றிலும் வரும்; சாய்த்தால் கூர்முனையை ஒட்டி ஒரு பக்கமாகவே கூடிவிடுவது உண்டு. சாய்க்க வேண்டியது மேல்வெட்டை, நீர் தேங்காமல் வழிந்து போக.

மேல்வெட்டில் சாணி உருண்டை வைப்பது ஊர் வழக்கம். முருங்கைப் போத்துக்கும் இதைத்தான் செய்கிறோம். வெட்டுவாய் வழியாக ஈரம் ஆவியாகிப் போவதை அது தடுக்கிறது. முழங்கைத் தடிமனுள்ள போத்தைத் திறந்த மண்ணில், காய்கிற வெயிலில் நடும்போது அதைவிட நல்ல மூடி கிடையாது. பென்சில் தடிமன் ரோஜாக் குச்சியை மூடிய ஈரத்துக்குள் வைக்கப்போகிறோம் என்றால் நான் சாணிக்குப் பதிலாக ஒரு சொட்டு மெழுகுவர்த்தி மெழுகை விடுவேன். மூடிய ஈரத்தில் சாணி பூசணம் பிடித்துவிடுகிறது.

இனி நடப்பதுதான் இந்தக் கலையின் உயிர். தண்டுக்கு வேர் கிடையாது. வேராக வேண்டும் என்ற எண்ணமே அந்தத் தண்டின் உடலில் இதுவரை இருந்ததில்லை. வெட்டுப்பட்ட பிறகு அடிமுனையில் முதலில் வெளுத்த சதை போல ஒரு தடிப்பு கட்டுகிறது. காயத்துக்குச் செடி போடும் கட்டு அது. பிறகு, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வளர்படலத்தை ஒட்டிய உயிரணுக்களில் சில, தண்டு வேலையை விட்டுவிட்டு வேராகப் பிரியத் தொடங்குகின்றன. எந்த அணு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தண்டாகவே பிறந்து தண்டாகவே இருந்த ஒன்று, தேவை வந்ததும் தன் உடம்பின் வேறொரு பாதியை உண்டாக்கிக்கொள்கிறது.

எந்தப் பக்கம் வேர் வரும் என்பதிலும் செடி பிடிவாதமாக இருக்கிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபெக்டிங் வில்லோ மரத்தின் குச்சிகளை ஈரக் காற்றில் நேராகவும் தலைகீழாகவும் தொங்கவிட்டுப் பார்த்து 1878இல் எழுதினார்: எப்படித் தொங்கவிட்டாலும் மரத்தில் இருந்தபோது எது அடியாக இருந்ததோ அந்த முனையில்தான் வேர் மிகுதியாக வருகிறது. குச்சிக்குத் தன் மேலும் கீழும் தெரியும். காரணம் பின்னால் தெரிந்தது. இளந்துளிரிலும் இலையிலும் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் தண்டின் வழியே ஒரே திசையில், நுனியிலிருந்து அடியை நோக்கி, இறங்குகிறது. வெட்டுப்பட்ட குச்சியில் அதற்கு அப்பால் போக இடமில்லாமல் அடிமுனையில் சேர்கிறது. சேர்ந்த இடத்தில் வேர் எழுகிறது. 1935இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வகத்தில் சிம்மர்மனும் வில்காக்சனும் இண்டோல் பியூட்ரிக் அமிலம் அதே வேலையை இன்னும் வலுவாகச் செய்வதைக் காட்டினார்கள். இன்று விதைக் கடையில் சிறு டப்பாவில் கிடைக்கும் வேர் ஊக்கிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

பொடி இருந்தால் தொட்டு வைக்கலாம். அடிமுனையில் ஒரு மெல்லிய படலம் போதும். கூடினால் வேருக்குப் பதில் தடிப்பு மட்டுமே பெருக்கும். இல்லாவிட்டாலும் நாட்டு ரோஜா வேர் விடும். கற்றாழைச் சோற்றைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், தேனில் தோய்ப்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டுவாய் சுத்தமாக இருக்க இவை உதவலாம், வேரைக் கொடுப்பது குச்சிதான். இளநீரில் ஊறவைப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. அதில் வேரைத் தூண்டும் பொருளோடு துளிரைத் தூண்டும் பொருளும் சேர்ந்தே இருக்கிறது, வேர் வருமுன் துளிரைத் தட்டி எழுப்புவது நமக்கு வேண்டாத வேலை. உருளைக்கிழங்கில் குத்தி மண்ணில் புதைக்கும் வித்தை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. வேருக்கு ஈரம் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. கிழங்குக்குள் காற்று ஏது? கிழங்கு அழுகும்போது குச்சியையும் சேர்த்து அழுகவைக்கும்.

குச்சி வைக்கும் கலையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இலையைக் காட்டுவேன். இலைகளையெல்லாம் உருவிவிட்டு மொட்டைக் குச்சியாக நடுவது பழைய பழக்கம். முற்றிய கட்டைக்கு அது சரி. நாம் எடுத்த பதத்துக்கு நுனியில் ஓர் இலையாவது, முடிந்தால் இரண்டு, இருக்க வேண்டும். உணவும் ஆக்சினும் அங்கிருந்துதான் இறங்குகின்றன. ஆனால் அதே இலை நிமிடத்துக்கு நிமிடம் நீரை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது, உறிஞ்சித் தர வேர் இல்லை. இலை காய்ந்துவிடவும் கூடாது, இலை இல்லாமலும் இருக்கக் கூடாது. ஐந்து சிற்றிலை உள்ள இலையில் நுனிச் சிற்றிலைகளைக் கிள்ளி இரண்டோ மூன்றோ விடுவது இந்தக் கணக்குக்காகத்தான். மூடி வைப்பதும் அதற்காகத்தான். அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்று ஈரத்தால் நிறைந்து, இலையிலிருந்து நீர் போவது குறைந்துவிடும். பிள்ளை பெற்ற பச்சை உடம்பைக் காற்றுப் படாமல் அறைக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வது போல, குச்சியையும் வெயிலும் காற்றும் நேராகப் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். வெயிலில் மூடி வைத்த பாட்டில் உள்ளே இருப்பதை வேகவைத்துவிடும்.

மண்ணில் சத்து எதுவும் வேண்டாம். தொழு உரம் கலந்த கொழுத்த மண் இந்தக் கட்டத்தில் எதிரி; உரத்தை எடுத்துக்கொள்ள வேர் இல்லை, அழுகலுக்குத்தான் அது விருந்து. கழுவிய ஆற்று மணல் கிடைத்தால் அதற்கு நிகரில்லை. கிடைப்பது அரிதாகிவிட்டதால் தென்னை நார்க் கழிவும் பொடித்த செங்கலும், அல்லது கொஞ்சம் செம்மண்ணும் கலந்துகொள்ளலாம். நார்க் கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். சென்னையில் பல தெருக்களில் வருவது போன்ற உவர் நீரை ஊற்றுவதைவிட, மொட்டை மாடியில் பிடித்த மழைநீர் ஒரு குடம் இருந்தால் அதைக் குச்சிக்கென்று வைத்துக்கொள்வது நல்லது.

காலம் ஐப்பசி முதல் தை வரை. வெயில் தணிந்து, இரவு குளிர்ந்து, பகல் சுடாமல் இருக்கும் நாட்கள். 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் ரோஜா விரும்பி வேர் விடுகிறது. சமவெளியில் அந்தச் சுகம் நமக்கு மார்கழியை ஒட்டித்தான் கிடைக்கும். தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்குச் சாரல் காலம் இன்னொரு வாய்ப்பு. பங்குனி, சித்திரையில் குச்சி வைப்பவரின் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனாலும் காத்திருக்கச் சொல்வேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் கண் வீங்கி, செம்பு நிறத்தில் துளிர் எட்டிப் பார்க்கும். பார்த்ததும் வீடே மகிழும். உடனே மூடியைத் திறந்து வெயிலில் வைப்பார்கள், நாலு நாளில் துளிர் தலை தொங்கிக் கருகும். அந்தத் துளிர் வேரிலிருந்து வந்ததல்ல. தண்டில் இருந்த இருப்பைத் தின்று எழுந்தது. வெட்டிய பூங்கொத்தில் மொட்டு விரிவதும் இப்படித்தான். மேலே துளிர் ஓடுவதும் கீழே வேர் ஓடுவதும் ஒரே சேமிப்புக்கான போட்டி, எது முந்துகிறதோ அதைப் பொறுத்துக் குச்சி செடியாகும் அல்லது சுள்ளியாகும். ஆகவே முதல் துளிரைக் கண்டால் மகிழ்ச்சியை உள்ளே வைத்துக்கொண்டு மூடியை அப்படியே விட வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் வேர் வரும். அப்போது துளிரின் நடையே மாறும்: இலை பெரிதாகும், அடுத்த இலை முந்தையதைவிட நீண்ட இடைவெளியில் வரும், மதியத்தில் தளராது.

இடையில் பிடுங்கிப் பார்ப்பவர்களை யாராலும் தடுக்க முடியாது. அவர்களுக்காகவே நான் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தம்ளரில் நடச் சொல்கிறேன். தம்ளரைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி வைத்து, வேண்டும்போது கழற்றிப் பார்க்கலாம். ஒரு காலையில் தம்ளர்ச் சுவரை ஒட்டி, பால் வெள்ளையாக, நுனி மட்டும் சற்றே மஞ்சளாக, நூலைவிடச் சற்றுத் தடித்த ஒன்று தெரியும். அதன் மேல் ஈரம் பளபளக்கும். பூவைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். ரோஜாவின் உடம்பில் மிக அழகானது எது என்று என்னைக் கேட்டால் அந்த முதல் வேரைத்தான் சொல்வேன். பிறகு மூடியை முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி என்று திறந்து பழக்கி, ஒரு வாரத்தில் முழுதாக எடுத்துவிடலாம்.

எந்த ரோஜாவை வைப்பது? என் விருப்பத்தை மறைக்கப்போவதில்லை. பன்னீர் ரோஜா. இளஞ்சிவப்பு, தளர்ந்த இதழ்கள், காலையில் பறித்தால் மதியத்துக்குள் உதிர்ந்துவிடும் பூ. குவளையில் வைக்க உதவாது. மாலைக்கும் அர்ச்சனைக்கும் உதிரிப்பூவாகத்தான் சந்தைக்கு வருகிறது. திண்டுக்கல், நிலக்கோட்டைப் பக்கத் தோட்டங்களில் விடியுமுன் பறித்துக் கூடையில் சேர்ப்பார்கள். அதன் மணத்தில் பெரும்பங்கு ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற பொருளுக்கு உரியது. அது நீரில் கரையும் குணமுடையது. பன்னீர்ச் சொம்பில் பூவின் வாசனை அப்படியே நிற்பது அதனால்தான்.

தோட்டக்கலைக் கையேடுகள் எட்வர்ட் ரோஜா என்று குறிப்பிடும் இந்தச் செடியின் கதை இந்தியப் பெருங்கடலில் தொடங்குகிறது. அன்று போர்பன் தீவு என்றும் இன்று ரீயூனியன் என்றும் பெயருள்ள பிரெஞ்சுத் தீவில் நிலக்காரர்கள் வேலிக்கு இரண்டு வகை ரோஜாக்களை நடுவார்கள். ஒன்று ஆண்டுக்கு இருமுறை பூக்கும் டமாஸ்க். இன்னொன்று சீனாவிலிருந்து கப்பலேறி, கல்கத்தா வழியாகப் போனதால் ஐரோப்பியர்கள் வங்க ரோஜா என்று அழைத்த வகை. எப்போதும் பூத்துக்கொண்டே இருப்பது. இரண்டும் தாமாகக் கலந்து வேலியோரம் ஒரு நாற்று முளைத்தது. டமாஸ்கின் மணமும் சீனத்தின் ஓயாத பூப்பும் ஒரே செடியில். தீவில் அதை ‘ரோஸ் எதுவார்’ என்றார்கள். 1817இல் அங்கே தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்த நிக்கோலா பிரேயோன் அதன் அருமையை உணர்ந்து பிரான்சுக்கு அனுப்பினார். ஓர்லியன் பிரபுவின் தோட்டக்காரர் ழாக் 1819இல் பெற்று வளர்த்தார். போர்பன் ரோஜா என்ற பெருங்குடும்பம் அங்கிருந்து கிளைத்தது.

விதையில் வரும் ரோஜா பெற்றோரைப் போல இருக்காது. மணமும் நிறமும் மாறாமல் ஒரு ரோஜா தொடர வேண்டுமானால் அதன் உடலிலிருந்தே ஒரு துண்டு போக வேண்டும். அப்படியானால் நிலக்கோட்டைத் தோட்டத்துப் பன்னீர் ரோஜாவும் நம் மாடித் தொட்டியில் நிற்பதும் தாயும் மகளும் அல்ல, ஒரே செடி. வேலியோரத்தில் முளைத்த அந்த ஒற்றை நாற்று சாகவே இல்லை. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு வீட்டிலும் புதிதாக வேர் விட்டுக்கொண்டிருக்கிறது. குச்சி வைக்கும்போதெல்லாம் என்னை உலுக்குவது இந்த எண்ணம்தான். நம் விவசாயிக்கு இது புதிதல்ல. கரும்பைக் கரணையிலும் மரவள்ளியைக் குச்சியிலும் வெற்றிலையைக் கொடியிலும் இப்படித்தான் அவர் தொடர்ந்து வைத்திருக்கிறார்.

தெருவில் தள்ளுவண்டியிலும் மினி லாரியிலும் வரும் ரோஜாக்களைப் பன்னீர் ரோஜாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோதாவரிக் கரையின் கடியம், ஓசூர், பெங்களூர்ப் பக்கத்து நாற்றங்கால்களிலிருந்து வருபவை. உள்ளங்கை அகலப் பூக்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்கள். வேரைச் சுற்றி இறுகக் காய்ந்த செங்களிமண் உருண்டை. வாங்கிய வேகத்தில் பூக்கும், வெயில் காலத்தில் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும், பிறகு அடியிலிருந்து தடதடவென்று பச்சைக் கிளைகள் கிளம்பும். செடி பிழைத்துவிட்டது என்று வீட்டார் மகிழ்வார்கள். ஒரு வருடம் காத்திருந்தாலும் அந்தப் பழைய பூ வராது. பெரும்பாலான வண்டி ரோஜாக்கள் கண் ஒட்டிய செடிகள்: அடியில் வீரியமான வேறொரு ரோஜாவின் வேர், மேலே பூவுக்கான ரோஜாவின் ஒரே ஒரு கண். மேலே உள்ளது செத்துப்போனால் கீழே உள்ளது தன் இயல்புப்படி வளர்கிறது. ஏமாற்று எதுவும் அதில் இல்லை. வணிகத் தோட்டத்துக்கு ஒட்டுச்செடி வேண்டும், ஒரு கிளையிலிருந்து பத்துச் செடி எடுக்க அதுதான் வழி. ஆனால் மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்குச் சொந்த வேரில் நிற்கும் செடிதான் ஏற்றது என்பது என் தீர்மானமான கருத்து. கோடையில் தரை மட்டம் வரை கருகினாலும் அடியிலிருந்து எழுவது அதே ரோஜாதான். முதல் ஆண்டில் ஒட்டுச்செடியைவிட மெலிந்திருக்கும், பூவும் குறைவு. மூன்றாம் ஆண்டில் பார்க்க வேண்டும்.

எல்லா ரோஜாவும் குச்சிக்கு இணங்கிவிடாது. சீன ரத்தம் கூடியவை எளிது. பட்டன் ரோஜாக்கள் மிக எளிது. பெரிய பூ விடும் கலப்பு ரோஜாக்களில் பாதி வந்தால் மகிழலாம். மஞ்சள்தான் பிடிவாதக்காரி. ஜோசப் பெர்னே-டூஷே 1900இல் வெளியிட்ட ‘சொலெய் டோர்’ என்ற ரோஜா வழியாகத்தான் அடர்மஞ்சள் இன்றைய தோட்ட ரோஜாக்களுக்குள் நுழைந்தது. அதற்கு மஞ்சளைக் கொடுத்தது ஆசியாவின் வறண்ட மலைப்பகுதிகளைச் சேர்ந்த ஒரு காட்டு ரோஜா. நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு இடம் கொடுக்கும் இலையும், குச்சியில் வேர் விடத் தயங்கும் குணமும் சேர்ந்தே வந்தன. மஞ்சள் ரோஜாவை யார் வீட்டிலாவது குச்சியில் எடுத்துப் பார்த்தால் அந்தக் கைக்கு நான் தலைவணங்குவேன்.

ஊட்டிக்குப் போய் வருபவர்கள் தொட்டியோடு தூக்கி வரும் செடிகள் கோடைக்குள் போய்விடுவதைப் பார்த்திருப்போம். குளிர்நாட்டு ரோஜாக்களை வைத்துக்கொண்டு நாம் படும் பாட்டுக்குக் கொடைக்கானலில் ஒரு பதில் உருவானது. இந்திய ஆட்சிப் பணியை முன்கூட்டியே விட்டு ரோஜாவுக்கு வந்த வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும், நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு வெப்ப நிலத்துக்கு ஏற்ற வகைகளை உருவாக்கினார்கள். வடக்கே சமவெளியின் நீர்க்கரைகளில் வளரும் ரோசா கிளைனோஃபில்லாவும், மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைகாண்டியாவும் அவர்கள் கைக்கு வந்தன. அவர்கள் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு ஈ. கே. ஜானகி அம்மாள் என்று பெயர். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்து, கரணை வழியே வளரும் ஒரு பயிரின் உள்ளமைப்பை ஆராய்ந்த தாவரவியலாளரின் பெயர், குச்சி வழியே தொடரும் ஒரு செடிக்கு வந்தது எனக்கு நிறைவைத் தருகிறது.

ஒரே செடி என்றேன். அதற்கும் விலக்கு உண்டு. எப்போதாவது ஒரு செடியின் ஒரு கிளை மட்டும் திடீரென்று வேறு நிறத்தில் பூக்கும், அல்லது கொடியாக ஓடும். கண்ணுக்குள் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றம் அது. அந்தக் கிளையில் எடுத்த குச்சி அந்த மாற்றத்தோடே வளரும். ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் ‘டாக்டர் வான் ஃப்ளீட்’ என்ற கொடி ரோஜாவில் இப்படித்தான் ஓயாமல் பூக்கும் வடிவம் ஒன்று தோன்றியது. ‘நியூ டான்’ என்று பெயரிட்டு அமெரிக்காவில் 1931இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்நாட்டில் ஒரு தாவரத்துக்குக் கிடைத்த முதல் காப்புரிமை அது. உரிமையில்லாமல் அதன் குச்சியை நட்டுப் பெருக்குவது அந்த உரிமை முடியும்வரை சட்டப்படி உரிமை மீறலானது. பிளேடும் மணலும் இருந்தால் யார் வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ள முடிகிற செடிக்குத்தான் முதல் வேலி தேவைப்பட்டிருக்கிறது. நம் பன்னீர் ரோஜாவுக்கு அப்படி ஒரு வேலியும் இல்லை.

அது பரவும் விதமும் வேறு.

“அக்கா, அந்த வாசனை ரோஜாவுல ஒரு குச்சி தருவீங்களா?”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நாளைக்குக் காலையில வாம்மா. பூத்து முடிஞ்ச கிளையா பாத்து வெட்டி வைக்கிறேன்.”

வெள்ளிக்கிழமை கொடுக்கக் கூடாது என்பது அவர் நம்பிக்கை. பூத்து முடிந்த கிளை என்பது அவர் அறிவு. தோட்டக்கலை நூலைத் திறந்தே பார்க்காதவர்கள் இந்தப் பேச்சில் மிகச் சரியான கிளையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

புதுச்செடியில் முதல் மொட்டு வந்தால் நான் கிள்ளிவிடுவேன். மனம் கேட்காதுதான். பட்டாணி அளவில் இருக்கும்போதே எடுத்துவிட்டால் அந்தச் சத்து வேருக்குப் போகும். இரண்டாம் சுற்றில் ஒன்றுக்கு மூன்று மொட்டு வரும். தொட்டி பத்து அங்குலத்துக்குக் குறையக்கூடாது. காலை வெயில் நாலு மணி நேரமாவது வேண்டும். மற்றபடி சாண எரு, கொஞ்சம் எலும்புத் தூள், அசுவினி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல்: வழக்கமான பராமரிப்புதான், அதைப் பற்றி விரித்துச் சொல்ல எதுவும் இல்லை.

மழைக்காலம் தொடங்கியதும் கவாத்து செய்வார்கள். வீட்டுக்கு வீடு அப்போது ரோஜாக் கிளைகள் குப்பைக்குப் போகும். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. ஒரு செடியின் கவாத்தில் குறைந்தது பத்து நல்ல குச்சிகள் தேறும். வாளியில் நாலு விரற்கடை தண்ணீர் விட்டு அதில் நிறுத்தி வாசலில் வைத்தால் அன்று மாலைக்குள் தெருவே எடுத்துக்கொண்டு போய்விடும். வெளியூருக்கு அனுப்ப வேண்டுமானால் ஈரச் செய்தித்தாளில் சுற்றி, மேலே வாழைப்பட்டையைச் சுற்றிக் கட்டினால் இரண்டு நாள் தாங்கும். இலைகளில் நுனி இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டுச் சுற்ற வேண்டும். கொடுக்கும்போது செடியின் பெயரைச் சொல்லுங்கள், யாரிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள். கூடவே, நேராக வெட்டியது அடி, சாய்த்து வெட்டியது தலை என்பதையும்.